ஃபியட் என்று பதிவு செய்தோம், பத்மினி என்று வந்தது

என் மேஜை டிராயரில் ஒரு பழைய காகிதம் இருக்கிறது. 1966-ஆம் வருஷம் பம்பாயில் ஒரு கார் டீலர் என் தகப்பனாருக்குக் கொடுத்த பதிவு ரசீது. மடிப்புகளில் கிழிந்து, செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் "ஃபியட் 1100" என்று டைப் அடித்திருப்பது இன்னமும் நன்றாகப் படிக்க வருகிறது. அந்த ரசீதுக்கு உரிய கார் மாதுங்காவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது 1974-ல். வந்தபோது அதன் பெயர் ஃபியட் இல்லை, பத்மினி. எங்கள் கார், பிறப்பதற்கு முன்பே பெயரை மாற்றிக்கொண்டு விட்டது!

பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மகாராஜாக்களின் கார்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அந்தக் கதைகள் சுவாரஸ்யமானவை என்பதில் சந்தேகமில்லை. 1910 வாக்கில் கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு வெள்ளைக்கார கனவான், இங்கிலாந்தில் ப்ரூக் என்ற கம்பெனியிடம் சொல்லி அன்னப்பட்சி உருவத்தில் ஒரு காரே செய்து வரவழைத்தார். அந்த அன்னத்தின் அலகிலிருந்து வெந்நீரும் ஆவியும் பீச்சியடித்து, வழியில் நிற்பவர்களை விலக்குமாம். பிறகு அது நாபா மகாராஜாவிடம் போய், இப்போது ஹாலந்தில் ஒரு மியூஸியத்தில் இருக்கிறது.

ஆனால் நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் அன்னப்பட்சிக் காரில் ஏறியிருக்கிறோம்? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க வந்ததும், ஊரிலிருந்து வரும் பாட்டியை வி.டி. ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்ததும், பிரசவத்துக்கு நடுராத்திரியில் ஓடியதும் அம்பாஸிடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும்தான். அவற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் வீட்டுக் காரை வைத்து அந்தச் சரித்திரத்தில் ஒரு பகுதியை இங்கே சொல்ல முயல்கிறேன்.

காருக்கு முன்னால் ஒரு கனவு

பத்மினியின் கதை ஒரு மைசூர்க்காரரிடமிருந்து ஆரம்பிக்கிறது என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கிருஷ்ணராஜ சாகர் அணையோடு பெயர் சேர்ந்த ஸர் எம். விசுவேசுவரய்யாதான் அவர். பம்பாய் ராஜதானியின் பொதுப்பணித் துறையில் 1884-ல் உத்தியோகம் ஆரம்பித்து, பிற்பாடு 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவுக்குப் பொருளாதாரத் திட்டம் வேண்டும் என்று 1934-லேயே புத்தகம் எழுதினார். மறு வருஷம், எழுபத்தைந்தை நெருங்கிய வயதில், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் அங்குள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்ததும் 1936-ல் பம்பாயில் ஒரு மோட்டார் தொழிற்சாலை அமைப்பதற்கான திட்டத்தை எழுதி வெளியிட்டார்.

அப்போது இந்தியாவில் கார் கம்பெனிகளே இல்லை என்பதல்ல. ஃபோர்டு கம்பெனி 1926-லும், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாய் ஸிவ்ரியில் 1928-லும் வந்துவிட்டன. ஆனால் அவர்கள் செய்தது அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை இங்கே கோத்து விற்பதுதான். விசுவேசுவரய்யா கேட்டது வேறு. எஞ்சினை இங்கேயே வார்த்து, இங்கேயே கடைந்து, நம் பையன்கள் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நோக்கம்.

இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர் ஷோலாப்பூரில் பிறந்த ஸேட் வால்சந்த் ஹிராசந்த். 1919-ல் "லாயல்டி" என்ற கப்பலை பம்பாயிலிருந்து லண்டனுக்கு அனுப்பி, வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிகளுக்குப் போட்டியாக நின்ற சிந்தியா கம்பெனியின் மூலவர்களில் ஒருவர். 1937-ல் பம்பாயில் பதவிக்கு வந்த காங்கிரஸ் மந்திரிசபை மோட்டார் திட்டத்தை ஆதரித்தது. போடப்படும் மூலதனத்துக்கு வட்டி உத்தரவாதம் தரவும் முன்வந்தது. ஆனால் 1939-ல் யுத்தம் வெடித்தது. மந்திரிசபை ராஜினாமா செய்தது. உத்தரவாதமும் அதோடு போயிற்று.

வால்சந்த் விடவில்லை. அமெரிக்கா போய் முதலில் ஃபோர்டு கம்பெனியிடம் பேசினார், அது கைகூடவில்லை. பிறகு கிரைஸ்லர் கம்பெனியோடு 1940-ல் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆனால் டில்லி சர்க்கார், யுத்த காலத்தில் கார் தொழிற்சாலை அத்தியாவசியம் அல்ல என்று சொல்லிவிட்டது. யந்திரம் வாங்க டாலர் வேண்டும். டாலருக்கு சர்க்கார் தயவு வேண்டும். மைசூர் ஸமஸ்தானம் பங்கு சேர முன்வந்து, மேலிடத்துச் சம்மதம் கிடைக்காமல் பின்வாங்கியது.

இந்தப் பிரயாணத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவிலிருந்து திரும்பும் விமானத்தில் வால்சந்த் ஒரு அமெரிக்க விமான வியாபாரியைத் தற்செயலாகச் சந்தித்தார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 1940 டிசம்பரில் பெங்களூரில் ஆரம்பமான ஹிந்துஸ்தான் ஏர்க்ராஃப்ட், அதாவது இன்றைய எச்.ஏ.எல். காருக்குப் போனவர் விமானத் தொழிற்சாலையோடு திரும்பினார்! விமானம் யுத்தத்துக்கு வேண்டியிருந்தது, அதனால் அதற்கு அனுமதி கிடைத்தது. கார் காத்திருந்தது. எங்கள் அப்பா எட்டு வருஷம் காத்திருந்ததைச் சொல்லப் போகிறேன். ஆனால் காத்திருப்பு அவரிடம் ஆரம்பித்ததல்ல.

குர்லா

கடைசியில் 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி பதிவாயிற்று. இடம் பம்பாயில் குர்லா. மாதுங்காவிலிருந்து ரயிலில் ஏறினால் சயானுக்கு அடுத்த ஸ்டேஷன். கிரைஸ்லர் ஒப்பந்தத்தின்படி டாட்ஜ், பிளிமத், டிஸோட்டோ வண்டிகள் 1947-லிருந்து அங்கே கோக்கப்பட்டு வெளிவந்தன. இதற்குள் 1942-ல் பிர்லாக்கள் குஜராத்தில் ஓகா துறைமுகத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸை ஆரம்பித்து, பிறகு கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவுக்கு மாற்றினார்கள். 1948-ல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் வந்தது. விசுவேசுவரய்யா 1936-ல் ஒரு தொழிற்சாலை கேட்டார். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று வந்துவிட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் எடுத்த இரண்டு முடிவுகள் அடுத்த முப்பது வருஷத்துக்கு நம் தெருக்களின் தோற்றத்தையே நிர்ணயித்தன. 1949-ல் முழுசாகச் செய்த கார்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. 1953-ல் தீர்வை கமிஷன், இங்கேயே படிப்படியாகப் பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம் என்று சிபாரிசு செய்தது. வெறுமனே கோத்து விற்பவர்கள் விலக வேண்டியதுதான். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-ல் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். விசுவேசுவரய்யா ஆசைப்பட்ட கொள்கைதான் இது. அதை அவர் கண்ணாலேயே பார்த்தார். நூறு வயதைக் கடந்து 1962-லேதான் காலமானார்.

அமெரிக்கக் கார்கள் பெரியவை, பெட்ரோலைக் குடிப்பவை. நம் குடும்பங்களுக்கு ஏற்ற சிறிய காரைத் தேடி பிரீமியர் இத்தாலியின் ஃபியட் கம்பெனியிடம் போயிற்று. முதலில் சின்னஞ்சிறு ஃபியட் 500. பிறகு 1954-ல் ஃபியட் 1100. இத்தாலிய பாஷையில் ஆயிரத்து நூறுக்கு "மில்லெசெண்டோ" என்று பெயர். எஞ்சின் உண்மையில் 1,089 சி.சி.தான். உருண்டு திரண்ட அதன் முகத்தைப் பார்த்த பம்பாய்க்காரர்கள் அதற்கு "டுக்கர் ஃபியட்" என்று பெயர் வைத்தார்கள். மராத்தியில் டுக்கர் என்றால் பன்றி. இன்றைக்கும் பழைய கார்ப் பிரியர்கள் பன்றி ஃபியட் என்றுதான் ஆசையாகச் சொல்கிறார்கள். அதன் முன் கதவுகள் பின்பக்கம் கீல் வைத்து, நம் வீட்டு அலமாரிக் கதவுபோல் எதிர்ப்பக்கமாகத் திறக்கும்.

1964-ல் வந்தது "டிலைட்" என்ற மாடல். நாம் எல்லோரும் ஃபியட் என்று கண்ணை மூடிக்கொண்டால் தெரியும் அந்த உருவம் இதுதான். இத்தாலியில் இதே உருவத்தை 1962-ல் ஆரம்பித்து 1966-ல் நிறுத்திவிட்டார்கள். என் தகப்பனார் பம்பாயில் பணம் கட்டிய அதே வருஷம்! அங்கே நாலு வருஷம் ஓடிய உருவம் இங்கே, சின்னச் சின்ன மாறுதல்களுடன், புது நூற்றாண்டு பிறக்கும் வரை ஓடியது.

வரிசை

என் தகப்பனார் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்கு இலாகாவில் இருந்தார். 1966-ல் அவருக்கு ஒரு பிரமோஷன் கிடைத்தது. கார் வாங்கக் கடன் தரும் தகுதியும் வந்தது. தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் முன்பணம் கட்டி, பாஸ் புத்தகத்தைக் கொடுத்து, டீலரிடம் பதிவு செய்துகொண்டு வந்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அடுத்த மாதம் கார் வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்து ஏற்பாடு இன்றைய தலைமுறைக்கு விளங்காது. எந்தக் கம்பெனி எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். யந்திரமும் உயர்ந்த எஃகுத் தகடும் வெளிநாட்டிலிருந்து வாங்க அன்னியச் செலாவணி வேண்டும். 1957-லிருந்தே அதற்குப் பஞ்சம். செய்த கார்களை யாருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கு 1959-ல் ஒரு விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை. அதில் சர்க்கார் உபயோகத்துக்கு ஒரு ஒதுக்கீடு, மற்றவர்களுக்கு வரிசை. வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்றும் நிபந்தனை உண்டு. ஏன் தெரியுமா? புதுக் கார் கிடைக்காததால், ஓட்டிய காருக்குப் புதுக் காரைவிட அதிக விலை கிடைத்தது! 1969-ல் சர்க்கார் கார்களின் விலையையும் ஆணை போட்டு நிர்ணயித்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1971-ல் தீர்ப்பு வந்தது. ஒரு காரின் நியாய விலை என்ன என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து கணக்குப் பார்த்த காலம் அது. சிறிய, மலிவான மக்கள் கார் ஒன்று வேண்டும் என்று கமிட்டிகள் சிபாரிசு செய்துகொண்டே இருந்தன. கார் மட்டும் வரவில்லை.

அப்பாவுக்கு இதிலெல்லாம் கோபம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை ரசீதை எடுத்துக்கொண்டு டீலரிடம் போய், வரிசை நம்பர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வருவார். சிராத்தம், வருஷப் பிறப்பு மாதிரி அதுவும் ஒரு நாள். நடுவில் ஒரு சிநேகிதர், ரசீதை அப்படியே கைமாற்றிக் கொடுத்தால் நல்ல தொகை வாங்கித் தருவதாகச் சொன்னார். "அது தப்பு ஓய். அதுவும் போக, எனக்குக் காரே வேணுமே" என்றார் அப்பா.

இதற்குள் ஃபியட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தம் முடிந்து, 1970-களின் தொடக்கத்தில் வண்டி "பிரீமியர் பிரசிடென்ட்" ஆயிற்று. 1974-ல் "பிரீமியர் பத்மினி". சித்தூர் ராணி பத்மினியின் பெயர் என்பார்கள். எங்கள் வீட்டில் அதை யார் நம்பினார்கள்? டெலிவரிக்குக் கடிதம் வந்தபோது அம்மா, "சினிமாக்காரி பேரையா வெச்சிருக்கா? நன்னா ஆடுவாளே" என்றாள். அப்பா கடைசி வரை ஃபியட் என்றே சொன்னார். பம்பாய் முழுவதும் அப்படித்தான் சொன்னது.

ஐந்து பேர் உட்காரும் கார்

வெளிர் நீலக் கலர். ஆஸ்திக ஸமாஜம் கோவில் வாசலில் தேங்காய் உடைத்து, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஐந்து பேருக்கான காரில் அன்று ஒன்பது பேர் கிங்ஸ் சர்க்கிளை மூன்று பிரதட்சிணம் வந்தோம். முன்சீட்டு ஒரே பலகைபோல் நீளமாக இருக்கும். கியர், ஸ்டீயரிங்கின் கழுத்தில் இருக்கும். அதனால் முன்னால் தாராளமாக மூன்று பேர் உட்காரலாம். நாலு கியரையும் இடது கையால் மேலும் கீழுமாகத் தேடிப் போட வேண்டும். குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்து, செல்ஃப் போட்டு, எஞ்சின் சமாதானமாகும் வரை காத்திருக்க வேண்டும்.

மே மாதத்தில் பூனாவுக்குப் போகும் பழைய கண்டாலா மலைப்பாதையில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் கார்களை வரிசையாகப் பார்க்கலாம். எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும் சரி. ஏற்றத்தில் எஞ்சின் சூடேறி, குழாயில் போகும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளுமே தவிர பெட்ரோலைத் தள்ளாது. அதற்கு வைத்தியம் ஒரு ஈரத் துணி. பம்ப்மேல் சுற்றிவிட்டு, கொண்டுபோன தயிர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தால் வண்டி கிளம்பும். இதற்காகவே அம்மா ஒரு பழைய காசித்துண்டை டிக்கியில் வைத்திருந்தாள்.

சயானில் ஒரு புளியமரத்தடியில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக்கை நாங்கள் "உஸ்தாத்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. ஆனால் எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். நாற்பது வருஷத்துக்கு நெருக்கமாக ஒரே உருவமாக இருந்ததில் ஒரு பெரிய சௌகரியம். 1964 டிலைட்டின் பாகம் அநேகமாகப் பிற்காலத்துப் பத்மினிக்கும் பொருந்தும். கிடைக்காததைப் பட்டறையில் கடைந்து கொள்ளலாம். "காடி சலானே ஸே நஹீ, ருக்னே ஸே பிகட்தீ ஹை ஸாப்" என்பார். ஓடினால் வண்டி கெடாது, நின்றால்தான் கெடும் என்று அர்த்தம். விசுவேசுவரய்யா ஆசைப்பட்டாரே, நம் பையன்கள் வித்தை கற்க வேண்டும் என்று? தொழிற்சாலைக்குள் கற்றவர்களைவிட, இப்படி மரத்தடியில் கற்றவர்கள்தான் ஊர் ஊராக அதிகம் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பம்பாயின் டாக்ஸிக்காரர்கள் பத்மினியைத் தங்கள் வண்டியாகவே வரித்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம். கல்கத்தாவுக்கு அம்பாஸிடர் என்றால் பம்பாய்க்குப் பத்மினி. சந்து பொந்துகளில் திரும்பும், ரிப்பேர் எங்கும் கிடைக்கும். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, மேலே சாமான் வைக்கக் கம்பிக் கூண்டு, இடது பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மீட்டர். தாதரில் இறங்கும் நம்மவர்களின் ஊறுகாய் ஜாடியையும் ஹோல்டாலையும் அந்தக் கூண்டுதான் சுமந்தது.

எட்டு நாள்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடு நம் மூன்று கார்களின் ஏகபோகம் முடிந்தது. மதராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் ஒரு பெரிய காரை இறக்கி, சில வருஷங்களுக்குள் கார் தயாரிப்பையே நிறுத்தியது. பிரீமியர் 118 என்.இ. என்ற புது வண்டியைக் கொண்டுவந்தது. பிறகு பெஜோ கம்பெனியோடும் மறுபடி ஃபியட்டோடும் கூட்டுச் சேர்ந்தது. எதுவும் நிலைக்கவில்லை. நூற்றாண்டு மாறும் சமயத்தில் பத்மினியும் நின்றது. அம்பாஸிடர் 2014 மே மாதம் வரை தாக்குப் பிடித்தது. வெளி நாட்டுப் போட்டி இல்லாமல் வளர்த்ததனால்தான் இவை பலவீனமாக இருந்தன என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் தொழிலே இங்கே வேர் விட்டிருக்காது என்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தொட்டிலுக்கும் ஒரு காலம் உண்டு, அதிலிருந்து இறக்கிவிடுவதற்கும் ஒரு காலம் உண்டு. இறக்கிவிடத் தாமதித்துவிட்டோம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

எங்கள் காரின் முடிவுக்கு மட்டும் வேறு யாரையும் காரணம் சொல்ல முடியாது. அது நான் செய்த காரியம்.

1985-ல் எனக்கு டில்லிக்கு மாற்றலாயிற்று. அங்கே மாருதி வாங்கினேன். அப்பா பம்பாயில் பத்மினியை ஓட்டிக்கொண்டிருந்தார். 1996-ல் அப்பா காலமானார். கார் பில்டிங் காம்பவுண்டில் சும்மா நின்றது. உஸ்தாத் சொன்னது பலித்தது. நின்ற வண்டி கெட்டது. டயர்கள் தரையோடு அமுங்கின. 1998-ல் சொசைட்டியிலிருந்து இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. எட்டு நாள் லீவில் வந்தேன். உஸ்தாத்திடம் கேட்டேன். "விட்டுட்டுப் போங்க ஸாப், மூணு மாசத்துல ஓட வெக்கறேன்" என்றார் அவருடைய ஹிந்தியில். செலவும் சொன்னார். அது பெரிய தொகையும் இல்லை. ஆனால் பத்மினியை யார் சேர்த்து வைப்பார்கள்? பாதுகாக்க வேண்டியவை ரோல்ஸ் ராய்ஸ்கள் அல்லவா? அப்படித்தான் நினைத்தேன். ஏழாம் நாள் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டேன். குர்லா என்றார்கள். குர்லாவில் ஸி.எஸ்.டி. ரோடில்தான் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எந்தக் குர்லாவில் பிறந்ததோ அதே குர்லாவில் அது பிரிக்கப்பட்டது.

அம்மா டாஷ்போர்டிலிருந்த சின்னப் பிள்ளையாரை மட்டும் நெம்பி எடுத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. "எட்டு வருஷம் காத்துண்டிருந்தாரேடா. உனக்கு எட்டு நாளைக்கு மேல பொறுமையில்லையே" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

இருபதும் ஐம்பதும்

2021-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. மார்ச் மாதத்தில் மத்திய சர்க்கார் பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டும் கொள்கையை அறிவித்தது. அதே வருஷம் ஜூலையில், பழம்பெரும் வண்டிகளுக்காகத் தனி விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் நிறைந்து, பெரிய மாறுதல் எதுவும் செய்யாமல் அசல் உருவத்திலேயே இருக்கும் கார்களையும் இருசக்கர வண்டிகளையும் "விண்டேஜ்" என்று பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்து வருஷம். புதுப்பிக்க 5,000 ரூபாய். தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு ஓட்டலாம்.

அந்த விதிகளைப் படித்தபோது விரலை விட்டு எண்ணினேன். எங்கள் கார் 1974. இருந்திருந்தால் 2024-ல் ஐம்பது நிறைந்திருக்கும். மகாராஜாவின் காருக்கும் கணக்குப்பிள்ளையின் காருக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கவில்லை. வித்தியாசம் பார்த்தவன் நான்தான்.

மும்பையில் டாக்ஸிகளுக்கு வயது வரம்பு இருபது. கடைசிப் பத்மினி டாக்ஸி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003 அக்டோபர் 29-ஆம் தேதி. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் அந்த நகரத்தின் டாக்ஸி வரிசையில் பத்மினி கிடையாது. இருபது வயதில் கழிவு, ஐம்பது வயதில் பாரம்பரியம். நடுவில் இருக்கும் முப்பது வருஷம்தான் கஷ்டம். அந்தக் காலத்தில் காருக்கு மதிப்பும் இருக்காது, அழகும் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அந்த முப்பது வருஷத்தை யாராவது ஒருவர் பொறுத்துக்கொண்டால்தான் ஒரு பழைய வண்டி விண்டேஜ் ஆகிறது. மகாராஜாக்களுக்கு இடமும் ஆளும் இருந்ததால் அது சுலபமாயிற்று. நமக்குப் பொறுமைதான் வேண்டும்.

போன வருஷம் மும்பை போயிருந்தபோது குர்லாப் பக்கம் போனேன். தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். தெருவுக்கு மட்டும் இன்னும் பிரீமியர் ரோடு என்றே பெயர். அங்கே நின்ற ஒரு ஆட்டோ டிரைவரிடம் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். ஏதோ சினிமா தியேட்டராக இருந்திருக்கும் என்றார்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாக்பூரிலோ ஜாம்ஷெட்பூரிலோ, கல்கத்தாவிலோ பெங்களூரிலோ, உங்கள் வீட்டு ஷெட்டில் அப்பாவோ மாமனாரோ ஓட்டிய அம்பாஸிடரோ ஹெரால்டோ ஃபியட்டோ தார்ப்பாய் போர்த்தி நிற்கலாம். ஸ்கூட்டர் நின்றாலும் சரிதான். அதைக் கொடுக்கும் முன் அதன் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். புதிய விதிகளின்படி பதிவு செய்ய அந்தப் பழைய பதிவுச் சான்றும் இன்ஷூரன்ஸும் வேண்டும். அது தொலைந்தால் வண்டி இருந்தும் அலைச்சல்தான். உள்ளூரில் வயதான மெக்கானிக் யாராவது இருந்தால், அவர் இருக்கும்போதே ஒரு தடவை காட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறையாவது எஞ்சினை ஓடவிடுங்கள்.

அந்த 1966 ரசீதை நான் லாமினேட் செய்து வைக்கப் போகிறேன். என் பேரன் அதைப் பார்த்துவிட்டு, "கார் எங்கே தாத்தா?" என்று கேட்டான். கதையைச் சொன்னேன். "எட்டு வருஷமா!" என்று கண்ணை அகல விரித்தான். அம்மா சொன்ன எட்டு நாளையும் சேர்த்துத்தான் சொன்னேன்.